இடது கன்னத்தில் வெயில்

கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது.
வாடை இறங்க இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்.
இந்த இடுக்கில்தான்
மூவரின் லீவும் ஒன்றாய் விழுந்திருக்கிறது.
ஏழு நாள்.

ஏகாம்பரம் வீதி,
ஜெஸீமாவின் நானாவுடைய வெங்காயக் கடையின் மேல்மாடி.
மேசையில் விரித்த வரைபடம்
கோணேசர் மலையிலிருந்து சுருள்கிறது.
அதன்மேல் இரண்டு கிலோப் படிக்கல் வைத்தோம்.
கொட்டியாரக் குடாவில் கச்சான் கோது மிதக்கிறது.

"வடக்கால போவம்"
என்கிறாள் நிறைமதி.
நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை;
கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டால்
தொலைய வழியில்லை.
ஆனால் மழை முந்தினால்
கொக்கிளாய் முகத்துவாரம் வெட்டிக்கொள்ளும்,
தோணிக்காரன் அக்கரையிலிருந்து கைவிரிப்பான்.
தவிர, மணலில் ஒரு கட்டை நடப்பது
தாரில் இரண்டு கட்டை.

அப்படியென்றால் மேற்கு:
தண்டவாளத்தோடு கந்தளாய், அப்பால் காடு.
சிலிப்பர் கட்டைகளில் நடந்து பார்த்திருக்கிறேன்.
ஒன்று விட்டு ஒன்று என்றால் எட்டாது,
ஒவ்வொன்றாய் என்றால் குழந்தை நடை.
"ரயிலுக்கு நேரசூசி இருக்கு,
ஆனைக்கு இல்ல" என்றாள் ஜெஸீமா.
மேற்கு அத்தோடு முடிந்தது.

பெண்கள் மூவருக்கு
இரவு எங்கே என்பதே பாதையின் பாதி.
கிணறு எங்கே என்பது கால்வாசி.
மீதிக்குத்தான் கால்கள்.

தெற்கைப் பற்றி யாரும் பேசவில்லை.
தெற்கு மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கியது.
நான்தான் அதில் வயிற்றைச் சாய்த்து நின்றேன்.

மட்டக்களப்பு பஸ்ஸில்
மூதூர் வரும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.
பதினெட்டு வருசம்.
நித்திரை என்று நினைப்பார்கள்.
கம்பஸுக்குப் போன நாள்களில்
பக்கத்து சீற்றிலிருந்த ஜெஸீமா
என் பையைத் தன் மடிக்கு எடுத்துக்கொள்வாள்,
வெருகல் தாண்டியதும் திருப்பித் தருவாள்.
ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கீழே போய்ப் பைகளை நிறுத்தோம்.
வெங்காயத் தராசு பொய் சொல்லாது:
நிறைமதி ஒன்பது, ஜெஸீமா பத்தரை,
நான் பதினான்கு.
"ஊரைவிட்டே போறியா?" என்றார் நானா.
எனது பை கனடாவில் மச்சாள் பாவித்தது.
கொட்டிப் பார்க்கையில்
பக்க அறையிலிருந்து விழுந்தது
சிவந்து காய்ந்த ஓர் இலை, ஐந்து விரல்.
எங்களுக்கு இலையுதிர்காலம் அவ்வளவுதான்.
நானா அதைக் கூட்டித் தள்ளப் பார்த்தார்,
வரைபடத்துக்குள் மடித்து வைத்தேன்.

இரண்டாவது போர்வை வெளியே. டோர்ச் ஒன்று போதும்.
பானையை முறைவைத்துச் சுமக்கலாம்.
உப்பை எடுத்தேன், திரும்ப வைத்தேன்.
பதினொன்று.

மேலே ஏறி வந்து
தொங்கிய பகுதியை மேசைக்கு இழுத்தது
என் கைதான்.
கிண்ணியா, மூதூர், தோப்பூர்,
வெருகல், கதிரவெளி, வாகரை.
முன்பு துறைகள் இருந்த இடமெல்லாம்
இப்போது பாலம்.
பஸ் மூன்று மணித்தியாலத்தில் விழுங்கும் தூரம்.
நடந்தால் மூதூருக்கு மட்டும்
ஒரு முழுக் காலை வேண்டும்.
கண்ணை மூடிக்கொண்டு நடக்க ஏலாது.

இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
நிறைமதி பென்சிலைக் கூராக்கினாள்.
தோப்பூரில் ஜெஸீமாவின் மாமி வீடு.
கதிரவெளியில் நிறைமதியிடம் படித்த பெடிச்சி.
வாகரைக்கு இன்னும் ஆளில்லை, பார்ப்போம்.

"விடிய வெயில் இடது கன்னத்தில அடிக்கும்"
என்றாள் நிறைமதி, ஏதாவது சொல்ல வேண்டுமென்று.
"வடக்கால போனா வலது. அவ்வளவுதான் வித்தியாசம்."

ஜெஸீமா என் பையைத்
தன் மடிக்கு எடுத்தாள்,
வாரைச் சுருக்கினாள்,
என் தோளிலேயே மாட்டிவிட்டாள்.

மணிக்கூட்டுக் கோபுரத்தில் ஐந்து மணிக்குத் தொடங்குவதா,
கிண்ணியாவில் அவள் வீட்டு வாசலில் எட்டு மணிக்கா
என்ற சண்டை
இன்னும் முடியவில்லை.