தரையிலிருந்து அரை முழம்

ஹாஜிரா கொண்டுவந்த தாளில் பன்னிரண்டு கேள்விகள்.
முகவரி: மண்டபம், தெற்குக் கரை, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்.
சுற்றுச்சுவர் உண்டா என்றது நான்காவது.
கிழக்கே கிடுகு வேலி, தெற்கே கடல்
என்று எழுதினேன்.
பேனாவை வாங்கி, கடலை அடித்துவிட்டு
'திறந்தவெளி' என்று போட்டாள்.
ஆபீசில் கடல் என்றால் பயப்படுவார்களாம்.

தனுஷ்கோடி சாலையில்
வேன்கள் திரும்பும் இடத்தில் கிடந்ததாம் குட்டி.
நீள முதுகு, விரல் நீளக் கால்,
மணலைக் கூட்டிப் போகும் காது.
டேஷ்ஹண்ட் என்றாள்.
வாங்கியவன் பத்தாயிரமாவது கொடுத்திருப்பான்.
விட்டுப்போனவன்
பக்கத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வைத்திருந்தான்,
பிரிக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் அக்கா,
அதற்குள் வீட்டைப் பாருங்கள்.
நின்று பார்க்காதீர்கள்,
அதன் உயரத்திலிருந்து பாருங்கள்.

நண்டுக் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு
குப்புறப் படுத்தேன்.
பதினோரு வருடமாகக் குடியிருக்கும் வீடு
அரை முழ உயரத்தில் யார் வீடோ போலிருந்தது.

கட்டிலுக்கடியில் ஏழு தூண்டில் முள்.
அதில் ஒன்று என் குதிகால் வீங்கிய ஆடி மாதத்தினுடையது.
நைலான் நரம்பு ஒரு சிக்கல்.
எலி மருந்து, பாதி.
சுவரோரம் ஓர் ஒற்றைக் கம்மல்.
அதை நீதான் அடகு வைத்தாய் என்று
செலஸ்டினிடம் ஒரு மாதம்
பேசாமல் இருந்திருக்கிறேன்.

முந்தானையில் முடிந்துகொண்டேன்.
சொல்லவில்லை.

அவனுக்கு இதில் இஷ்டமில்லை.
கருவாட்டைத் தின்னும், வலையைக் கடிக்கும்,
தெருநாய்க்கு ஒரே கவ்வு என்றான்.
மூன்றும் நியாயம்தான்.
வலையை உத்திரத்தில் ஏற்றினேன்.
கருவாட்டுப் பெட்டி மேல் அம்மிக்கல்.
வேலியின் அடிச்சந்துகளில் உடைந்த ஓடு.
படிக்கு முன் இரண்டு செங்கல்,
நீள முதுகு நோகாமல் ஏற.

அவன் சொல்லாதவையும் இருந்தன.
கரையில் ஒதுங்கும் பேத்தை மீன்,
காய்ந்தாலும் விஷம்.
ரெஜினா வீட்டு நாய் நுரை தள்ளியது அதனால்தான்.
விடிகாலை போய்ப் பொறுக்கிவந்து
ஆழமாய்ப் புதைத்தேன்.
அப்புறம் செம்பருந்து.
முற்றத்துக்கு மேலே பழைய சூடை வலையைக் கட்டினேன்.
எதுவும் விழக்கூடாது என்று
இந்த வீட்டில் விரித்த முதல் வலை.

ஞாயிறு.
பெட்டியைத் திறந்தும் அது வெளியே வரவில்லை.
செங்கல்லையோ சாக்கு மெத்தையையோ
லாரித் தண்ணீரில் தனியே எடுத்துவைத்த கிண்ணத்தையோ
ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
என் கையை மோந்தது.
எந்தச் சோப்புக்கும் போகாத நண்டு வாடை;
இந்தக் கையோடு பஸ்ஸில் ஏறினால்
பக்கத்து சீட்டு காலியாகவே வரும்.
ஒவ்வொரு விரலாக
நக்கி முடித்துவிட்டுத்தான்
வெளியே காலெடுத்து வைத்தது.

ராத்திரி பாலத்தில் ரயில்.
உடம்பெல்லாம் நடுங்கியது அதற்கு.
அந்தச் சத்தத்துக்கு
நான் ஒன்றும் ஏற்பாடு செய்திருக்கவில்லை.
பாயை உதறிப் பக்கத்தில் போட்டுப் படுத்தேன்.

நாலு மணிக்கு வள்ளம் கரை சேர்ந்தது.
கதவுக்குக் கீழே சந்தில்
இரண்டு ஈரக் கால்கள் வந்து நின்றன.
உள்ளே வரவில்லை.
கைலியை உதறும் சத்தம். மறுபடியும்.
மூன்றாம் தடவை உதறிவிட்டு
ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போகிறான்,
முள் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று.

தரையிலிருந்து பார்க்க அவன் பனை உயரம்.
அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு மனுஷன்
குனிந்து கீழே வர
எவ்வளவு நேரமாகிறது.

டார்ச்சைக் குட்டி மேல் அடித்தான்.
பிறகு என் மேல்.
இரண்டு காதிலும் கம்மல்.
வெளிச்சம் அங்கே கொஞ்சம் நின்றது.

எல்லா முள்ளையும் பொறுக்கிட்டியா
என்று மட்டும் கேட்டான்.