கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

பதினோரு செவ்வாய்க்கிழமைகள், கிங்கா.
நூலகத்தின் மாடி அறை, ஒழுகும் ஹீட்டர்,
எட்டு நாற்காலிகள். எட்டிலும் செவிடர்கள்.
என் கடைசி மகனைவிட நீ
நான்கு வயது சின்னவள்.

முதல் நாள் குரலில்லாமல் வாயசைத்தாய்.
அம்மா, என்றேன்.
சிரித்தாய். அது அப்பாவாம்.
இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான்
மூடித் திறக்கிறதாம்.
"உதடு பாதிதான் சொல்லும்,
மீதி உங்கள் ஊகம்" என்று
பலகையில் எழுதிப் போட்டாய்.

ஊகம் எனக்குப் புதிதா?
ஷ்செச்சின் கப்பல் தளத்தில் முப்பத்தோரு வருஷம்
துருவைச் சுத்தியலால் கொத்தியவன் நான்.
கப்பலின் வயிற்றுக்குள் உட்கார்ந்து கொத்தினால்
சத்தத்துக்கு வெளியே போக வழி தெரியாது,
காதிலேயே குடியேறிவிடும்.
பிறகு ஒன்பது வருஷம்
யார் எதைக் கேட்டாலும் தலையாட்டினேன்.
தலையாட்டியே ஒரு பச்சை சோபா வாங்கினேன்,
மச்சினனுக்குக் கடன் கொடுத்தேன்,
ஒரு சாவு வீட்டில்
"ஆமாம், ரொம்ப நல்லது" என்றேன்.

ஐந்தாவது வாரம்.
சமையலறையில் பீட்ரூட் தோல் சீவிக்கொண்டிருக்கிறேன்.
யாட்விகா போனில், தங்கையோடு.
அவள் உதட்டிலிருந்து
ஒரு முழு வாக்கியம் என்னிடம் வந்தது:
"அவருக்குத்தான் கேட்காதே,
ஆனாலும் தினம் சொல்லிவிட்டுத்தான் படுக்கிறேன்."

கத்தி கையிலேயே நின்றது.
அன்றிரவு
விளக்கை அணைக்க நான் விடவில்லை.

இதையெல்லாம் நான்கு பக்கம் எழுதி
கடைசி வகுப்புக்குக் கொண்டுவந்தேன்.
கேக் வெட்டினோம். சான்றிதழில்
என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
போகுமிவ் எழுந்து பேசினார், அழுதார்,
அதற்குப்பின் நான் எங்கே பேச?
தாள் கோட்டுப் பையிலேயே மடிந்து கிடந்தது.

ட்ராம் வந்தது. ஏறினேன். கதவு மூடியது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பனியில், நீ.
குரலைக் கழற்றி வைத்துவிட்டு,
நீ சொல்லித் தந்தபடி
வாயைக் கோணாமல், அவசரமில்லாமல்,
ஒரே ஒரு முறை
நன்றி என்றேன்.

படித்துவிட்டாய். தெரிந்தது.
பதிலுக்கு ஏதோ சொன்னாய், கையை வேறு ஆட்டினாய்.
ட்ராம் நகர்ந்தது.
"போய் வாருங்கள்" என்று முதல் நிறுத்தம்வரை நினைத்தேன்.
"மறக்க மாட்டேன்" என்று இரண்டாவதுவரை.
கொஞ்சம் கண் கலங்கியது உண்மை.

மூன்றாவதில் இறங்கத் திரும்பினால்
கழுத்து வரவில்லை.
மஃப்ளரின் ஒரு முனை
கதவுக்கு வெளியே
பனியில் நனைந்தபடி
என்னோடு வந்துகொண்டிருந்தது.

இப்போது முழுதும் படித்துவிட்டேன், கிங்கா.
கொஞ்சம் தாமதமாக.