நிறுவாமல் பார்க்க

முக்கூடல் பஜாரில் என் கடைக்கு
ஷட்டர் ஒன்றரை ஆள் அகலம்.
உள்ளே ஒரு ஜெராக்ஸ், ஒரு லேமினேஷன்,
சாமி கும்பிட்டால்தான் கிளம்பும் ஒரு கம்ப்யூட்டர்.
இது அசல் அல்ல, நகல் என்று
திரை மூலையில் மூன்று வருஷமாக எழுதி நிற்கும்.
நான் ஜெராக்ஸ்காரி.
நகல் என்பது எனக்கு வசவு இல்லை.

வெள்ளிக்கிழமை அது கடவுச்சொல்லை மறுத்தது.
அடித்த சொல் சரி. அடித்த விரலும் சரி.
அம்பையிலிருந்து வந்த ஸ்டீபன் துரை
மூடியைக் கழற்றி, ஊதி, திரும்ப மாட்டி,
"புதுசு வாங்கிருங்கக்கா, முப்பத்தெட்டாயிரம்" என்றான்.
சொன்னதற்கு முந்நூறு வாங்கிக்கொண்டான்.

ஆறுமுக நயினார், பாலிடெக்னிக் மூன்றாம் வருஷம்,
அரியர் கட்ட வந்தவன்
சாவிக்கொத்திலிருந்து ஒரு பென்டிரைவைக் கழற்றினான்.
"லினக்ஸ். காசு கிடையாது."
காசு கிடையாது என்று இந்தக் கடைக்குள் வந்ததெல்லாம்
இன்னும் கடன் நோட்டில் இருக்கிறது.
"யாருக்குக் கிடையாது?"
"யாருக்குமேக்கா."

கறுப்பில் வெள்ளை வரிகள்
பீடி எண்ணும் விரல் வேகத்தில் ஓடி நின்றன.
பிறகு ஒரு கேள்வி:
நிறுவவா, நிறுவாமல் பார்க்கவா?

அப்படி ஒரு வார்த்தை
என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் கேட்கவில்லை.
கடையை வாடகைக்கு விட்டவரும் கேட்கவில்லை.

நிறுவாமல் பார்த்தேன்.
கீழே கிடந்த பட்டை இடது பக்கம் ஏறியிருந்தது.
புகுந்த வீட்டு அடுக்களை மாதிரி,
உப்பைத் தேடிப் பத்து நிமிஷம்.
"ஸ்டார்ட் எங்கல கெடக்கு?"
ஒரு வருஷமாக முறைத்துக்கொண்டிருந்த பிரிண்டர்
கூப்பிடாமலே முழித்துக்கொண்டது.

பிறகுதான் ஓரத்தில் பழைய வட்டின் படம்.
அமுக்கினேன். திறந்தது.
கடவுச்சொல் கேட்கவில்லை.

மூன்று நாள் என்னை வாசலில் நிறுத்திய வீட்டுக்கு
பின்பக்கம் சுவரே கிடையாது.

முதலில் ஒரு கல்யாணப் பத்திரிகை.
"நிகழும் மங்களகரமான" இருக்க வேண்டிய இடத்தில்
ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக
மணமக்கள் சிதறிக் கிடந்தார்கள்.
"அந்த ஃபான்ட் இதுல இல்லக்கா."
"இருவது வருசத்துக் கல்யாணம்லா அது."

அதற்குள்ளே இன்னும் போனால் ஊர்.
சிங்கம்பாறை லூர்துமேரியின் ஆதார், முன்னும் பின்னும்.
பாப்பாக்குடி சங்கரவடிவின் பீடித் தொழிலாளர் அட்டை.
விதவைச் சான்றுக்கு வந்தவள் தந்த
செத்தவனின் சிரிக்கிற படம்.
கோணலாக விழுந்த ரேஷன் கார்டு,
கண்ணை மூடிவிட்ட யார் வீட்டுக் குழந்தையோ,
கைநாட்டு, கைநாட்டு, கைநாட்டு.
பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கோப்பு.
அழித்துவிடு என்று யாரும் சொன்னதில்லை.
"வேலை முடிஞ்சதும் அழிச்சிருவேன்" என்று
நானாகத்தான் சொல்லியிருந்தேன்.

நயினார் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
திரையைப் பார்க்காதவன் போல.
நல்ல பையன்தான்.
ஆனால் பென்டிரைவ்
எத்தனையோ பேர் சாவிக்கொத்தில் தொங்குகிறது.

ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
முடியாத ஏழு விண்ணப்பங்களை எடுத்துக்கொண்டேன்.
என் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டையும்.
பத்திரிகைகளை விட்டுவிட்டேன்,
அவர்கள் பிள்ளைகளே இப்போது கல்லூரிக்கு எழுதுகிறார்கள்.

வட்டு முழுவதையும் அழித்து நிறுவவா?
அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்:
பூட்டவா?

நாளைக்கு லூர்துமேரியிடம் மறுபடி ஆதார் கேட்க வேண்டும்.
"போன மாசந்தான தந்தேன்" என்பாள்,
வெயிலில் நடந்து வந்த மூச்சோடு.
ஏசட்டும்.

இரண்டு கட்டத்திலும் டிக் அடித்தேன்.
நீளமாக ஒரு ரகசியச் சொல் கேட்டது.
நயினாரைத் திரும்பி நிற்கச் சொன்னேன்.
ரோட்டைப் பார்த்து நின்றான்.
ஆலங்குளம் பஸ் ஆரன் அடித்துப் போனது.

பதினேழு சதவீதம், என்றது திரை.