கூடுதல் விடைத்தாள்

பதினான்காவது கேள்வி:
‘இங்கிலாந்தின் தென்பகுதி அமெரிக்கக் குடியேற்றங்களின்
தோற்றத்தையும் தொடக்ககால வாழ்வையும் விவரி.’
பத்து மதிப்பெண்.
ராமநாதபுரத்தில், மின்விசிறி ஓடாத அறை.
மூக்கையூரிலிருந்து முதல் பேருந்தில் வந்தேன்.
விரலில் இன்னும் ஐஸ் கம்பெனியின் அமோனியா வாடை.

1607. மூன்று கப்பல்கள். நூற்றுச் சொச்சம் ஆண்கள்.
பொன் தேடி வந்தார்கள் என்கிறது கைடு.
விதைக்கப் பலருக்குக் கை வரவில்லை.
ஆற்றோரம் குடிசை போட்டு
அந்த ஆற்றையே குடித்தார்கள்.
கடல் ஏறி வரும் ஆறு அது.
கோடையில் கரித்தது. வயிறு கழன்று செத்தார்கள்.

இதற்கு மேல் கைடில் இல்லை.
நானாக எழுதினேன்:
அலை நனைக்கும் இடத்திலிருந்து நாற்பது எட்டு தள்ளி
தாழம்புதர் ஓரமாகப் பறித்திருந்தால்
முழங்கை ஆழத்தில் ஊற்று கண் திறந்திருக்கும்.
சிரட்டையால் மெல்ல மொள்ள வேண்டும்.
அவசரப்பட்டால் கலங்கும்,
இன்னும் அவசரப்பட்டால் உப்பேறும்.
அங்கே மணலா சேறா, தெரியவில்லை.

தப்புச் செய்த அதிகாரியைத்
‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்’ என்று மிரட்டுவார்களே,
அந்தக் காடு எங்கள் மாவட்டம்.
லண்டனுக்கும் அப்படி ஒரு காடு தேவைப்பட்டிருக்கிறது.
ரொட்டி திருடியவன், தெருவில் படுத்தவன்,
தகப்பன் பெயர் சொல்லத் தெரியாத பிள்ளை,
ஏற்று கப்பலில்.

ஒப்பந்தக் கூலிகள். இதற்கு அடிக்கோடு.
கப்பல் கூலியை எசமான் கட்டுவான்,
நாலு வருசமோ ஏழு வருசமோ உடம்பு அவனுக்கு.
ஒரே தாளில் இரண்டு தரம் எழுதி
நடுவே பல் பல்லாக வெட்டி ஆளுக்குப் பாதி.
சண்டை வந்தால் சேர்த்துவைத்துப் பார்ப்பார்கள்,
பல்லோடு பல் பொருந்துகிறதா என்று.
கோயில் சுவரில் தொங்கும் வேளா மீன் கொம்பு
கண்முன் வந்து நின்றது.

கஸ்பாருக்குப் பாதித் தாள்கூடத் தரவில்லை.
பஹ்ரைனில், அர்பாப் அலமாரிக்குள் பாஸ்போர்ட்.
விசாக் கடன் ஒன்றரை லட்சம்,
என் கம்மலும் அதற்குள்தான் கிடக்கிறது.
வெள்ளிக்கிழமை பேசுவான்:
‘இந்த எறா சீசன் முடியட்டும், வந்துர்றேன்.’
எந்தச் சீசன் என்று கேட்பதை நிறுத்திவிட்டேன்.

மேற்படி ஏழு வரிகளை அடித்துவிட்டேன்.
பாடத்தில் இல்லை.

புகையிலையே பணமானது.
தெருவில்கூட நட்டார்கள்.
பசித்தபோது சோளம் கொடுத்த ஊர்க்காரர்களின் காடு
ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு வேலி சுருங்கியது.
பிறகு பெண்கள் வந்தார்கள், மனைவி வேலைக்கு.
ஆளுக்கு நூற்றிருபது ராத்தல் புகையிலை,
முதல் தரமான இலை.

1619. முதல் சட்டசபை. இதற்கு நிச்சயம் மதிப்பெண் உண்டு.
அதே கோடையில் இன்னொரு கப்பலும்:
ஆப்பிரிக்கர்கள், இருபதும் சொச்சமும்.
அவர்கள் கையில் தாளே இல்லை,
பொருத்திப் பார்க்க ஒன்றுமில்லை.

சொச்சம் என்றால் எத்தனை பேர்?
பெட்டி நிறைந்து மிஞ்சுகிற மீனை
நானும் பேரேட்டில் சொச்சம் என்றுதான் எழுதுகிறேன்.
சூடையா சாளையா என்று யாரும் கேட்பதில்லை.
பேனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

கூடுதல் தாள் கேட்டேன்.
‘பத்து மார்க்குக்கு இவ்வளவா?’ என்றார் கண்காணிப்பாளர்.
கரோலினாவின் நெல்லுக்கு இரண்டு வரி,
ஜார்ஜியாவின் கடனாளிகளுக்கு ஒன்றரை.
அடிமை கூடாது என்று தொடங்கிய ஊர் அது,
எத்தனை வருசம் தாங்கியது என்று எழுதும்போது
மணி அடித்தது.
நூல் கோர்த்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

பேருந்து நிலையத்தில் தண்ணீர்ப் பாட்டில் இருபது ரூபாய்.
பில் கேட்டேன்.
கடைக்காரன் சிரித்தான்.