எஞ்சின் ஓடாத தூரம்

காட்பாடியில்,
சித்தூர் பஸ் திரும்பும் இடத்துக்கு எதிரே
பதினோரு வண்டிகளை வாடகைக்கு விடுகிறேன்.
மணிக்கு எண்பது. நாளுக்கு ஐந்நூறு.
ஹெல்மெட் இலவசம்,
முந்தின ஆளின் வியர்வை நாற்றத்தோடு.

முகத்தைப் பார்க்கும் முன்
பிறந்த தேதியைப் பார்ப்பேன்.
மீசை பொய் சொல்லும்.
அண்ணனின் லைசென்ஸ்
தம்பியின் கையில் கூசாமல் பொய் சொல்லும்.

"பதினெட்டு ஆயிடுச்சா?"
"அடுத்த மாசம் ஆவுதுக்கா."
"அப்ப அடுத்த மாசம் வா."

போகிறவர்கள் போவதில்லை உடனே.
ஒரு ஹாண்டிலைத் தொட்டுப் பார்ப்பார்கள்,
ஒரு கண்ணாடியில் தலையைச் சரிசெய்வார்கள்.
ஒருத்தன் இரண்டு மடங்கு வைத்தான் மேஜைமேல்.
இன்னொருத்தன் அப்பாவையே கூட்டிவந்தான்:
பேர் அவருடையது, ஓட்டுவது இவன்.
அப்பா சிரித்தார், பெருமையாக.
வண்டிக்காரிக்கு ஜெயில் என்று சொன்னேன்.
இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

இத்தனைக்கும் நடுவில் எபினேசர்
கையில் துணியோடு நிற்பான்.
பதினேழு வருஷம், நான்கு மாதம்.
பிளஸ் டூ முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான்;
அதுவரை என் வண்டிகளைக் கழுவுகிறான்.
எந்த வண்டிக்குக் கிளட்ச் இறுக்கம்,
எது இரண்டாவது கியரில் இருமும்
எல்லாம் அவனுக்குத்தான் தெரியும்.
காலையில் பதினொன்றையும் கிளப்புவான்
நடு ஸ்டாண்டில் நிறுத்தி.
பின்சக்கரம் காற்றில் சுற்றும்,
ஒன்று, இரண்டு, மூன்று, நான்காவது கியர்.
ஓரடி நகராமல்
தினமும் எங்கெங்கோ போய்விட்டு வந்து
வாளியை எடுப்பான்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் போன்.
"ரயில் வந்துடுச்சு மேடம்,
பாலத்துக்கு அந்தப் பக்கம்
டீக்கடையில வண்டி, சாவியும் அங்கேயே."
கடையில் நான் ஒருத்தி. கல்லாவை விட முடியாது.
"எபி, போய்த் தள்ளிக்கினு வந்துடு.
தள்ளிக்கினு. புரியுதா?"
"சரிக்கா" என்று
ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனான்.
தள்ளப் போகிறவனுக்கு அது எதற்கு என்று
அப்போது தோன்றவில்லை எனக்கு.

ரயில்வே பாலத்தின் இந்த இறக்கம்
என் நாற்காலியிலிருந்து தெரியும்.
அரைமணி கழித்து உச்சியில் ஒரு தலை,
அப்புறம் வண்டி.
சட்டை முதுகில் ஒட்டியிருக்க
நின்றான்.
லாரி ஒன்று போகக் காத்திருந்தான்.
கீழே கூட்ஸ் ரயில் முடிவில்லாமல் போனது.

பிறகு அவன் காலைத் தூக்கிப் போட்டதைப் பார்த்தேன்.

சத்தமே இல்லை.
ஆட்டோக்களின் ஓரமாக, முதுகு நிமிர்த்தி,
கை காட்டிச் சிக்னல் எல்லாம் கொடுத்து,
ஆற்றில் தண்ணீர் வரும்போது வருமே
அந்த மாதிரி வந்தான்.
பாலாற்றில் எங்கே தண்ணீர்,
ஆனாலும் அப்படித்தான் வந்தான்.
கடை வாசலில் தானாக நின்றது வண்டி,
பிரேக்கே தேவைப்படாமல்.

"ஓட்டினியா?"
"இல்லக்கா. எஞ்சின் போடவே இல்ல.
அது தானா வந்துச்சு.
நான் கூட வந்தேன்."

குனிந்து சைலன்சரைத் தொட்டேன்.
சுரீர் என்றது.
வெயில் சூடா, எஞ்சின் சூடா?
வேலூர்ப் பக்கத்து ஏப்ரலில்
எந்த நீதிபதி சொல்லிவிட முடியும்?
மீட்டரைப் பார்த்தேன்;
தள்ளினாலும் அது ஓடும், அதற்கென்ன.
ஹெல்மெட்டின் வார் மட்டும்
முறையாக மாட்டியிருந்தது.

கத்தினேன். லாரியைச் சொல்லிக் கத்தினேன்,
போலீசைச் சொல்லி,
அவன் அம்மா என் கடைக்கு வந்து நிற்பதைச் சொல்லி.
சொல்லும்போதே
பாதி மனசு பாலத்தின் உச்சியில் இருந்தது.

மாலையில் கூலியில் ஐம்பது பிடித்தேன்.
இறங்கி வர நாற்பது நொடி ஆகியிருக்கும்.
மணிக்கு எண்பது என்றால்
ஒரு ரூபாய்கூட வராது.
கணக்கில் கெட்டிக்காரன், போட்டுத்தான் இருப்பான்.
மீதி நாற்பத்தொன்பது எதற்கென்று
அவன் கேட்கவில்லை.
துணியை உதறிக் காயப்போட்டுவிட்டுச்
சீட்டியடித்தபடி
நடந்து போனான்.