இமைக்கப் பழகுதல்

பதினோரு வருடமாக அவர்கள் வாசலில் நின்றார்கள்,
வெள்ளிக் கோபுரத்தின் படிக்கட்டில்,
ஆளுக்கு மூன்று வாக்கியத்தோடு.
"திரும்பிப் போ, மண்ணின் மைந்தனே"
என்பது அதில் இரண்டாவது.
அவர்கள்மேல் அம்பு பட்டால்
அம்புக்குத்தான் அவமானம்.

புர்னோ நகரில், ஸ்வித்தாவா ஆற்றை ஒட்டி,
ஒரு காலத்தில் கம்பளி ஆலையாக இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில்
ஒரு செவ்வாய்க்கிழமை முடிவானது:
வருகிற வசந்தத்திலிருந்து உயர் எல்ஃபுகளாக
யார் வேண்டுமானாலும் ஆடலாம்.
மாதச் சந்தா கட்டினால் போதும்.
உயர்குலம் ஆவதற்கு இத்தனை மலிவான வழி
எந்த ஊரில் உண்டு?

ப்ளாங்கா கோப்பைத் திறந்து
ராணியின் அங்கியைத் தூக்கிப் பார்த்தாள்.
பாதம் இல்லை.
கணுக்காலோடு நின்றுவிட்டது உடம்பு.
யார் பார்க்கப்போகிறார்கள் என்று
எப்போதோ எவனோ மிச்சம் பிடித்த வேலை.
கூந்தல், பின்னால், ஒரே பலகை.
உட்காரத் தெரியாது. நீந்தத் தெரியாது.
இமைக்கவும் தெரியாது.
நம் பழைய சொல்லில் இமையவர்.
தேவருக்கு அடையாளமே அதுதான்.

பிப்ரவரி முழுக்கப் பாதம் செய்தாள்.
சுண்டுவிரலில் ஒரு கோணல் வைத்தாள்.
"இவர்களுக்கு எதற்கு இது?" என்றான் ஓட்டகர்.
"நீ கடையில் செருப்பு விற்கிறாயே, அதற்கு."
நான்கு விநாடிக்கு ஒருமுறை இமைக்க வைத்தாள்,
பேரம் பேசும்போது இரண்டு முறை.
மதுக்கடை நிலையில் தலை இடித்தது.
உயர்த்துவதென்றால் நாலாயிரத்துச் சொச்சம் கதவுகள்;
குனியக் கற்றுக்கொடுப்பது சுலபம்.
குனிந்தார்கள்.
பதினோரு வருடத்தில் முதல் குனிவு,
பீருக்காக.

கடைசியில் மிஞ்சியது சாவு.
பட்டியலில் அந்தக் கட்டம் மட்டும் காலி.
ஆடக் கிடைப்பதென்றால் சாகக் கிடைப்பது,
அது இல்லாமல் ஆட்டம் இல்லை.
(சாகாதவரையும் செத்தவரையும்
அமரர் என்றே அழைக்கும் என் மொழியில்
இந்தச் சிக்கலே வந்திருக்காது.)

ஓட்டகர் அனுப்பிய சாவு அழகாக இருந்தது.
யாரோ ஒரு நடனக்காரர், உடம்பெல்லாம் உணரிப் பொட்டுகளோடு,
இலை உதிர்வதுபோல் சரிந்திருந்தார்.
ப்ளாங்கா பன்னிரண்டு தடவை ஓடவிட்டாள்.
"இவர் விழவில்லை. இறங்குகிறார்."

அன்று மாலை டிராம் நிறுத்தத்தில்
உருகி மறுபடி உறைந்த பனியில்
அவள் கால் வழுக்கியது.
வலது முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு வானம்.
இடக்கை மட்டும் வெங்காயப் பையை விடவில்லை.
டிராமில் இருந்தவர்கள் கண்ணாடி வழியே பார்த்தார்கள்.
கதவு மூடியது. போனார்கள்.
படுத்தபடி அவள் யோசித்தது வலியைப் பற்றியல்ல,
இந்தக் கை ஏன் விடவில்லை என்று.

மறுநாள் பொட்டு உடையை மாட்டிக்கொண்டு
ரப்பர் விரிப்பில் பத்தொன்பது முறை விழுந்தாள்.

ஏப்ரல். காலை பத்து மணி. திறந்தார்கள்.
முதல் மணி நேரத்தில் மூன்று லட்சம் உயர்குலத்தோர்
உள்ளாடையோடு சந்தையில் குதித்தார்கள்,
நீரூற்றின்மேல் ஏறி ஆடினார்கள்,
இரண்டு வெள்ளிக்காசு கடன் கேட்டார்கள்.
'உருளைமாவு77' என்ற திருநாமமுடைய இளவரசர்
ஆறாவது நிமிடத்தில் பாலத்திலிருந்து விழுந்து
ராஜவம்சத்தின் முதல் சாவைப் பதிவு செய்தார்.
வலது முழங்கால். இடுப்பு. வானம்.

இப்போது ஆட்டக்காரர்களுக்குள் ஒரே சண்டை:
சாகும் எல்ஃப் ஏன் இடக்கையை மூடிக்கொள்கிறது?
பழைய சத்தியம் என்கிறது ஒரு கட்சி.
முதல் மரத்தின் விதை அதற்குள் இருக்கிறது என்று
ஆஸ்ட்ராவாவில் ஒரு லாரி ஓட்டுநர்
இருபது பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார், வரைபடத்தோடு.

முழுவதும் படித்தாள் ப்ளாங்கா,
மேசைக்கடியில் இன்னும் வீங்கிய முழங்காலைத் தடவியபடி.
பதில் தட்டினாள்:
இரண்டு கிலோ. தள்ளுபடி விலை.
அழித்துவிட்டாள்.
விதை நன்றாகத்தான் இருக்கிறது.