நாவல் கோலி

ஆடி. கானாடுகாத்தான். ஒரு கிலோ நாவல்,
மூன்று டப்பா.
ஒன்றில் சீனி, ஒன்றில் உப்பு,
மூன்றாவதில் உமையாளின் பிடிவாதம்: ஒன்றுமில்லை.
மூடியில் அவள் சீர்வரிசை இனிஷியல்,
அதன் மேல் என் தேதி.

நடுவில் ஒரு மாலை கரண்ட் போனது.
அதையும் நோட்டில் எழுதினேன்.

மூன்றாம் வாரம்
சீனி: ஒரே பாறை.
உப்பு: உறைய மறுத்து அழுதுகொண்டிருந்தது.
ஒன்றுமில்லாதது மட்டும்
கலகலவென்று உருண்டது,
ஊதாக் கோலிக்குண்டுகள்.

புகையுதே என்று
ஊதி வாயில் போட்டான் சொக்கு.
பல் கூசிக் குதித்தான்.
மிச்சத்தை முகப்பில் உருட்டி
மூவரும் ஆடினோம்,
எட்டு நிமிடம்,
கோலி மறுபடி பழமாகும்வரை.

ஆத்தங்குடிக் கல்லில்
பூவுக்கு நடுவே புதிதாய் ஒரு பொட்டு.
டிசைன்தான் என்கிறேன்.
உமையாள் நாக்கை நீட்டுகிறாள்.
அதுவும் ஊதா.